கொடி ஏந்தாத தாய்

பேசாத் திரைப்படங்களைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அவை பேச்சு வராத குழந்தையின் மழலையை ஒத்தவை; பேச்சு வந்தபின் மழலைக்கு மதிப்பேது என்பதே அவ்வெண்ணம். ‘ஊமைப் படம்’ என்று நாம் அவற்றுக்கு இட்ட பெயரிலேயே ஒரு குறையும் ஓர் இரக்கமும் கலந்திருக்கின்றன. பாட்டும் வசனமுமே படம் என்று பழகிவிட்ட தமிழ் மக்களாகிய நமக்கு, ஒருவரும் வாய் திறந்து பேசாத படம் உப்பில்லாப் பண்டமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் பேச்சே இல்லாமையால் மட்டும் உண்மையைச் சொல்லிவிட முடிந்த படங்கள் சில உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றனைப் பற்றி இம்மலரில் சில சொல்ல விழைகின்றோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க அன்பர்களுள் ஏழெட்டுக் குடும்பத்தினர் நண்பர் ஒருவரின் அரசுக் குடியிருப்பில் கூடி ஒரு செக் நாட்டுப் படத்தைக் கண்டோம். பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். பெரியவர்கள் மட்டும் முடிவுவரை அமர்ந்திருந்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், “கடைசிவரை அந்தப் பொம்பளை யார்கிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லலியே!” என்றார். “அது ஊமைப் படம் அம்மா, யார்தான் பேசினார்கள்?” என்று ஒருவர் கூற, அனைவரும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்த அம்மையார் கேட்டது எத்துணைச் சரியான கேள்வி என்பது நமக்கு உறைத்தது. படத்தில் வரும் மற்றவர்கள் வாயசைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், வைகிறார்கள், கொஞ்சுகிறார்கள். அவர்கள் பேசுவது நம் காதில் விழவில்லை, அவ்வளவே. அவளோ பேசியிருந்தாலும் கேட்பதற்கு ஆளற்றவள். இவ்விரண்டு மௌனங்களும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இப்படத்தின் பொருள் என்று நாம் கருதுகின்றோம்.

படத்தின் செக் மொழிப் பெயர் ‘தக்கோவீ யே ஷிவோத்’. ‘வாழ்க்கை இப்படித்தான்’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். 1929-ஆம் ஆண்டில் பிராக் நகரில் படமாக்கப்பெற்று 1930-இல் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் கார்ல் யுங்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர், 1897-இல் பிறந்தவர். தம் நாட்டில் முதலீடு செய்வார் கிடைக்காமையால் பிராக் நகருக்கு வந்து, குறைந்த செலவில் இதனை எடுத்து முடித்தார். ஒளிப்பதிவாளர் லாஸ்லோ ஷாஃபர், பெர்லின் நகரின் ஒருநாள் வாழ்வைக் காட்டும் புகழ்பெற்ற 1927-ஆம் ஆண்டுப் படத்தின் ஒளிப்பதிவிலும் பங்குகொண்டவர். நடித்தோர் செக் நாட்டவரும், ஜெர்மானியரும், ருஷ்ய நாட்டு அம்மையார் ஒருவரும் ஆவர். பேச்சுப்படம் வந்திருந்தால் இத்தனை நாட்டவர் ஒரே அடுக்களையில் ஒரு குடும்பமாக அமர்ந்திருக்க இயலாது. மொழியைத் துறந்த கலை மொழிகளுக்கிடையே பாலம் அமைத்துக்கொண்டது. அந்தப் பாலம் நெடுநாள் நிற்கவில்லை. 1930-லேயே செக் மொழியில் பேசும் படங்கள் வந்துவிட்டன. அடுத்த ஆண்டில் தமிழுக்கும் ‘காளிதாஸ்’ வந்தது.

கதை மிகச் சிறியது. சலவைத் தொழிலால் குடும்பத்தைத் தாங்கும் பெண் ஒருத்தி. அவள் கணவன் நிலக்கரி சுமக்கும் தொழிலாளி, வேலையை இழந்தவன், மதுக்கடையையும் அங்கே பணிபுரியும் பெண்ணையும் நாடிச் செல்பவன். மகள் நகங்களைச் சீர்செய்து மெருகிடும் பணியில் இருப்பவள். வாடிக்கையாளன் ஒருவனது அத்துமீறலுக்கு இடங்கொடாமையால் அவளும் வேலையிழக்கிறாள். மணமாகாத நிலையில் கருவுற்றும் இருக்கிறாள். இடையே தாயின் பிறந்தநாள் வருகிறது. அண்டை வீட்டார் கூடுகிறார்கள். சிறிது நேரம் சிரிப்பும் மகிழ்ச்சியும் அவ்வீட்டை எட்டிப் பார்க்கின்றன. பின்னர் ஒருநாள் கொதிநீர் பட்டு அவள் வெந்து போகிறாள், இறக்கிறாள். அடக்கம் நடைபெறுகிறது. இறந்தவளைப் புதைத்துவிட்டு இருப்பவர்கள் தங்கள் வாழ்வுக்குத் திரும்புகிறார்கள். கதை அவ்வளவே.

இக்கதையைக் கேட்கும்போது, இதில் புதுமை என்ன இருக்கிறது என்று தோன்றலாம். குடிகாரக் கணவன், பாடுபடும் மனைவி, வழிதவறிய மகள் ஆகியோரை நாம் கண்ட தமிழ்ப் படங்களிலும் நாடகங்களிலும் நூறு முறை பார்த்துவிட்டோம். புதுமை கதையில் இல்லை. கதையை நோக்கும் கண்ணில் இருக்கிறது. முதலாவதாக, இக்கதை மாந்தர்க்குப் பெயர் கிடையாது. சலவைக்காரி, அவள் கணவன், அவள் மகள், தையற்காரன், மதுக்கடைப் பெண் என்று தொழிலாலும் உறவாலும் மட்டுமே அவர்கள் அறியப்படுகிறார்கள். இது சிக்கனமன்று, ஓர் ஆழ்ந்த உண்மை. நம் குடியிருப்பின் மூலையில், வேப்பமரத்தடியில், கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்க்கும் பெண்ணின் பெயர் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவளை நாம் தொழிலாலேயே அழைத்து வந்திருக்கிறோம். திரையில் அவள் பெயரற்றவளாக நிற்கும்போதுதான் நம் பழக்கம் நமக்கே சுடுகிறது.

இரண்டாவதாக, அம்மூவரின் தொழில்களையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தையின் தொழில் கரி. உடலையும் உடையையும் கறுக்க வைப்பது. தாயின் தொழில் வெளுப்பு. பிறர் உடையின் அழுக்கை நீக்குவது. மகளின் தொழில் மெருகு. பிறர் விரல் நகங்களைப் பளபளக்கச் செய்வது. நீரிலும் காரத்திலும் ஊறி வெந்த கைகளையுடைய தாய்க்கு, கைகளை அழகுபடுத்தும் மகள்! இயக்குநர் இதற்கென ஒரு விளக்கமும் எழுதிக் காட்டவில்லை. ஊரார் குளிர் காயக் கரியும், உடுத்த வெள்ளாடையும், காட்டி மகிழ மெருகேறிய விரல்களும் இந்த ஒரு வீட்டிலிருந்து போகின்றன. அவ்வீட்டில் தங்குவது புகையும் ஈரமும் கடனுமே. உழைப்பு ஒருபுறமும் அதன் பயன் மறுபுறமும் சென்று சேரும் முறைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே.

அந்தத் தாயாக நடித்த வேரா பரனோவ்ஸ்கயா என்னும் அம்மையாரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மாஸ்கோ கலை அரங்கில் பயின்றவர்; 1885-இல் பிறந்து 1935-இல் பாரிஸ் நகரில் மறைந்தவர். 1926-இல் புதோவ்கின் இயக்கிய ‘தாய்’ படத்தில் தாயாக நடித்து உலகப் புகழ் பெற்றவர். மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் படித்திராத இலக்கிய அன்பர்கள் நம்முள் சிலரே இருப்பர். அந்நாவலைத் தழுவிய படத்திலும் குடிகாரக் கணவன் ஒருவன் உண்டு. குடிப்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தையே எடுக்க வருபவன். அறியாமையால் ஆயுதம் ஒளித்து வைத்த இடத்தைக் காவலரிடம் காட்டிவிட்டுத் தன் மகனைத் தானே சிறைக்கு அனுப்பும் அத்தாய், அந்தத் துயரத்தினூடே விழிப்படைகிறாள். மகன் சுடப்பட்டு விழுந்தபின், செங்கொடியைக் கையில் உயர்த்தி, பாய்ந்து வரும் குதிரைப்படையின் முன்னே நிமிர்ந்து நிற்கிறாள், மிதிபட்டு மடிகிறாள். ஆற்றுப் பனி வெடித்துப் பெருகும் வசந்தகாலக் காட்சியோடு அம்மரணத்தைப் புதோவ்கின் இணைத்துக் காட்டுகிறார். அவள் இறந்தாலும் அவள் கொடி இறக்கவில்லை என்று நாம் எழுந்து வருகிறோம்.

அதே முகம், அதே கண்கள், மூன்றாண்டு கழித்துப் பிராக் நகரில் சலவைத் தொட்டியின் முன் குனிந்திருக்கின்றன. இங்கே புரட்சி இல்லை, மகன் இல்லை, கொடியும் இல்லை. தமிழிலே கொடி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. புதோவ்கினின் தாய் ஏந்தியது ஊர்வலக் கொடி. யுங்ஹான்ஸின் தாய்க்கு வாய்த்தது துணி காயும் கொடி ஒன்றுதான். அதில் காய்வனவும் பிறருடைய துணிகள். பரனோவ்ஸ்கயாவைத் தேடி இவ்வேடத்தில் அமர்த்தியபோதே இயக்குநர் இந்த ஒப்புமையை மனத்திற் கொண்டிருக்க வேண்டும் என்பது நம் துணிபு. முந்திய படத்தைப் பார்த்தவர்கள், ‘இவள் எப்போது நிமிர்வாள்?’ என்று காத்திருப்பார்கள். அவள் நிமிர்வதில்லை. அந்த ஏமாற்றமே இப்படத்தின் அறம்.

இவ்விரண்டோடு மூன்றாவது தாய் ஒருத்தியையும் சேர்த்து எண்ணலாம். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லினில் வெளியான ‘அன்னை கிரவுசெயின் இன்பப் பயணம்’ என்னும் பீல் யுட்சியின் படத்தில், நாளிதழ் வினியோகித்துப் பிழைக்கும் முதியவள் ஒருத்தி வருகிறாள். அவள் தண்டி வைத்த பத்திரிகைப் பணத்தை மகன் குடித்துத் தீர்க்கிறான். பின் திருடப் போய்ப் பிடிபடுகிறான். வழியறியாத தாய், அடுக்களை எரிவாயுவைத் திறந்துவிட்டு, வீட்டிலிருந்த சிறு குழந்தையையும் உடன்கொண்டு உயிர் துறக்கிறாள். ஆனால் அவள் மகள் தொழிலாளர் ஊர்வலத்தில் சேர்ந்து நடக்கிறாள். தாய் கண்டறியாத வழியை மகள் கண்டுகொண்டாள் என்று படம் நமக்குச் சொல்லுகிறது.

ஆக, மூன்று தாய்மார், மூன்று மரணங்கள். முதல் மரணத்துக்குக் கொடி காரணம் தந்தது. இரண்டாம் மரணத்துக்கு மகளின் ஊர்வலம் ஆறுதல் தந்தது. மூன்றாம் மரணம் வெறும் மரணமாகவே நிற்கிறது. இலக்கியத் தரத்தில் எது உயர்ந்தது என்று தராசிட நாம் முன்வரவில்லை. புதோவ்கினின் படத்தொகுப்பு வன்மைக்கு யுங்ஹான்ஸ் நிகராகார் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஒன்று சொல்லலாம். முதல் இரண்டு படங்களைக் கண்டவர்கள் நெஞ்சு நிமிர்ந்து வீடு செல்லலாம். மூன்றாவதைக் கண்டவர்கள், வீடு சென்றதும் அடுக்களைக்குள் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாக வேண்டும்.

அன்று படம் பார்த்த அன்பர்களுள் பெரும்பாலோர், “தாய்மையின் தியாகத்தை அருமையாகப் போற்றிய படம்” என்றே பாராட்டினார்கள். அவர்கள் அன்பு மனத்தைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இப்பாராட்டை நாம் ஏற்பதற்கில்லை. தியாகம் என்பது கொள்ளவும் தள்ளவும் உரிமையுள்ளவர், தம் விருப்பத்தால் ஒன்றைத் துறப்பது. நெருப்பும் நீரும் சூழ நின்று வெந்துபோகும் பெண்ணுக்கு எதைக் கொள்ளவும் தள்ளவும் உரிமை இருந்தது? அவள் துறந்தாள் என்று சொல்வதைவிட, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதே பொருந்தும். கணவன் எடுத்துக்கொண்டான், துணி போட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவள்பால் பாசமுள்ள மகளும் அறியாமலே எடுத்துக்கொண்டாள். பிறகு எல்லாரும் சேர்ந்து அதற்குத் தியாகம் என்று பெயரிட்டால், கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு நீங்கிவிடுகிறது. தாய்மாரைத் தெய்வம் என்று கும்பிடும் நம் வழக்கத்திலும் இத்தகைய வசதி ஒன்று ஒளிந்திருக்கிறது. தெய்வத்துக்கு முதுகு வலிக்குமா என்று யாரும் கேட்பதில்லை அல்லவா!

படத்தின் தலைப்பையும் இந்நோக்கிலேயே படிக்க வேண்டும். ‘வாழ்க்கை இப்படித்தான்’ என்பதை இயக்குநரின் தீர்ப்பு என்று கொள்வோர் உண்டு. அது தீர்ப்பன்று என்பது நம் கருத்து. சாவு வீட்டிலிருந்து புறப்படுவோர், செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லும் வாக்கியம் அது. ‘எல்லாம் தலையெழுத்து’, ‘நம் கையில் என்ன இருக்கிறது’ என்று நாமும் சொல்கிறோம். அந்த வாக்கியத்துக்குப் பின் கேள்வி ஏதும் எழுவதில்லை. பேருந்தோ டிராம் வண்டியோ பிடிக்க வேண்டியதுதான் மிச்சம். யுங்ஹான்ஸ் அந்த வாக்கியத்தைத் தலைப்பாகப் பொறித்துவிட்டு, ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் அதற்கு எதிர்ச்சாட்சி கூறுகிறார். கரிவேலை போனது விதியா? மகளின் வேலை போனது விதியா? கொதிநீர்க் கொப்பரை மூலம்தான் பிழைக்க வேண்டும் என்பது விதியா? ஒவ்வொன்றுக்கும் மனிதர் செய்த ஏற்பாடு ஒன்று பின்னே இருக்கிறது. எந்தக் கொதிநீர் அவளுக்குச் சோறு போட்டதோ அதுவே அவளைக் கொன்றது என்பதில் விதியைத் தேட வேண்டியதில்லை.

இங்கே வரலாற்றுச் செய்தி ஒன்றையும் நினைவு கூரலாம். செக்கோஸ்லோவாகியக் குடியரசு 1918 அக்டோபரில் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே எட்டு மணி நேர வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. 1920-இன் அரசியல் சட்டம் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. தத்துவப் பேராசிரியரான மசாரிக் குடியரசின் தலைவராக இருந்தார். அக்கால ஐரோப்பாவில் நல்லாட்சி என்று பெயரெடுத்த நாடு அது. படம் எடுக்கப்பட்டதும், உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் வேகம் அந்நாட்டைத் தாக்குமுன்னர்தான். அத்தகைய நாட்டின் தலைநகரில்தான் இந்தச் சலவைக்காரி பொழுது விடிவது முதல் தொட்டியருகில் நிற்கிறாள். எட்டு மணி நேரச் சட்டம் அவளை எட்டியதற்கான அறிகுறி எதுவும் படத்தில் இல்லை. கோப்புகளோடு வாழ்ந்து, எட்டு மணி நேர வேலையும் மாதச் சம்பளமும் பெற்று வரும் நம்போன்ற எழுத்தர்களுக்கு இது நன்றாகவே புரியும். எந்தப் படிவத்திலும் சில கட்டங்களே உண்டு. கட்டத்தில் அடங்காத வாழ்க்கைகள் ஓரக்குறிப்பிலும் இடம்பெறாமல் போய்விடுகின்றன. அந்த ஓரத்தில் நின்றவளை இப்படம் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது.

படத்தில் குறைகளும் இல்லாமலில்லை. மதுக்கடைப் பெண்ணாக வரும் வலெஸ்கா கெர்ட் அக்காலத்தில் பெயர்பெற்ற நடனக் கலைஞர். முகத்தையும் உடலையும் கோணலாக்கி நகையாடும் அவரது தனிப்பாணி கவர்ச்சியானதே. எனினும் சலவைத் தொட்டியின் எளிமைக்கு அருகே அது சற்று மிகையாகப்படுகிறது. கணவனாக நடித்த தெயோதோர் பிஷ்டியேக் செக் மக்களின் அன்புக்குரிய நடிகர். அவரது பருத்த உடலிலும் அசட்டுச் சிரிப்பிலும் ஒரு வெகுளித்தனம் இருப்பதால், அவனை முற்றிலும் வெறுக்க முடிவதில்லை. இது குறையா நிறையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கொடியவன் ஒருவனைக் காட்டி அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க இயலாதபடி செய்வதால், அதனை நிறையென்றே நாம் கொள்கிறோம். உண்மையான குறை வேறொன்று. அக்காலப் பிராக் நகரில் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் வலுவாக இருந்தன. அவற்றின் நிழல்கூட அந்தச் சலவைக்காரியின் வாயிலில் விழாதது ஏன் என்று படம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரக்கம் மிகுந்திருக்கிறது, வினா ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

இயக்குநரின் பிற்கால வாழ்வை அறியும்போது இக்குறை நம்மை மேலும் உறுத்துகிறது. இத்தகைய படத்தைத் தந்தவர், ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், 1936-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விழாவைப் பற்றிய படம் முதலியவற்றில் அவ்வாட்சியின் கீழ்ப் பணிபுரிந்தார். பின்னர் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா சென்றார், 1984-இல் மறைந்தார். இதற்கு நிகரான இன்னொரு படத்தை அவர் தரவில்லை. இதைக் கொண்டு படத்தைத் தள்ளுவது முறையன்று. படைத்தவரினும் படைப்பு பெரிதாக நிற்பது கலையுலகில் உண்டு. ஆனால் துன்பத்தைக் கண்டு உருகுவது வேறு, துன்பம் செய்வோர்க்குத் துணைபோகாதிருப்பது வேறு என்னும் பாடத்தை, இம்மனிதரின் வாழ்வே நமக்கு எழுதிக் காட்டுகிறது.

மீண்டும் அந்த அம்மையாரின் கேள்விக்கே வருவோம். இப்படம் பேசும் படமாக எடுக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? தாய்க்கு ஒரு நீண்ட வசனம் எழுதியிருப்பார்கள். அவள் தன் துயரையெல்லாம் கோவையாக எடுத்துரைத்திருப்பாள். கணவன் காலில் விழுந்து திருந்தியிருக்கக்கூடும். நாமும் கண்ணீர் விட்டு நிறைவு பெற்றிருப்போம். அது பொய்யாக இருந்திருக்கும். தன் துயரைச் சொல்லச் சொல் கிடைத்தவள், கேட்கச் செவி கிடைத்தவள், பாதித் துயரைக் கடந்துவிட்டவள். இவளுக்கு அவ்விரண்டும் கிடைக்கவில்லை. யுங்ஹான்ஸ் எழுத்து அட்டைகளை மிகச் சுருக்கி, முகங்களையும் கைகளையும் பொருள்களையும் கொண்டே கதையை நடத்துகிறார். அதனால் அவளுடைய மௌனம் கருவியின் குறையாகத் தோன்றாமல், அவள் வாழ்வின் இயல்பாகவே நம்முன் நிற்கிறது. பேசாப் படம் என்னும் கலை, மறையப்போகும் தறுவாயில், பேச வாய்க்காதவளுக்காகத் தன் மௌனத்தைக் கொடுத்துவிட்டுச் சென்றது என்றே நாம் சொல்வோம்.

பிழைப்பைத் தேடி வடபுலம் வந்த குடும்பங்கள் நாம். ஊரையும் உறவையும் விட்டு வந்த இடத்தில், மொழி தெரியாத தெருவில், கூட்டிப் பெருக்கி, சமைத்துத் துவைத்து, ஒற்றை அறையைக் குடும்பமாக்கியவர்கள் நம் தாய்மாரும் மனைவிமாரும். காய்கறிக்காரரிடம் பேசவும் சொல்லின்றி முதல் ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களைப் பற்றிச் சங்க மேடையில் பேசும்போதெல்லாம் தியாகச் சுடர் என்று போற்றிக் கைதட்டி அமர்கிறோம். பிராக் நகரின் பெயரற்ற சலவைக்காரி நம்மிடம் கைதட்டலைக் கேட்கவில்லை. ‘வாழ்க்கை இப்படித்தான்’ என்று வாய்வரை வரும் சொல்லை ஒரு நிமிடம் நிறுத்தி, ‘ஏன் இப்படி?’ என்று கேட்குமாறு பணிக்கிறாள். அன்று கேள்வி கேட்ட அந்த அம்மையாரிடம், அவர் இந்நகருக்கு வந்த காலத்துக் கதையை இதுவரை நாம் எவரும் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறன்று படம் ஏதும் போடாமல் அவர் பேசக் கேட்பது என்று முடிவு செய்திருக்கின்றோம்.